செவ்வாய்க்கிழமை டோக்கன்

திண்டிவனம்
5 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரோஜா அக்காவுக்கு,

அன்பு எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் சங்கவியும் சுகமாக இருக்கிறோம். நீயும் குமரேசன் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் ஐந்து நிமிடத்தில் முடிகிற சங்கதிக்குக் கடிதம் எதற்கு என்று சங்கவி கேட்கிறாள். உன் பெரியம்மா விழுப்புரம் ஸ்டேஷனில் தபால் பிரிக்கிற வேலையில் இருக்கிறாள், நாமே எழுதாவிட்டால் அவள் எதைப் பிரிப்பாள் என்று சொன்னேன். பாதிதான் நம்பினாள்.

சொல்லவேண்டிய சேதி ஒன்று இருக்கிறது. நான் டோக்கன் கொடுக்கிற கிளினிக்கைப் பொங்கலோடு மூடிவிடலாமா என்று யோசிப்பதாக விருத்தாசலம் டாக்டர் சொல்லிவிட்டார். பைபாஸ் பக்கம் கண்ணாடி வைத்த ஆஸ்பத்திரி வந்ததிலிருந்து நம் பெஞ்சு காலியாகவே கிடக்கிறது. காலி பெஞ்சைப் பார்த்தால் வருகிறவனும் செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடுகிறான். நேற்று மொத்தம் ஆறு டோக்கன். நர்ஸ் செண்பகம் அக்கா உட்கார்ந்தபடியே தூங்குகிறாள்.

டாக்டரின் தங்கை மகன் தமிழ்மணி சென்னையிலிருந்து வந்திருக்கிறான், ஆஸ்பத்திரி நிர்வாகம் படித்தவன். புது ஆளைத் தேடி அலையாதீர்கள், வந்தவரைப் போகவிடாதீர்கள் என்கிறான். ஒவ்வொருவருக்கும் கிளம்பும் முன்பே அடுத்த தேதி சொல்லவேண்டுமாம். வாசல் வரை போய், "போய்ட்டு வாங்க" என்று சிரித்த முகமாகச் சொல்லவேண்டுமாம். வராதவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்றான். நம் பெரியவர்கள் யார் அதைப் பார்க்கிறார்கள், தபால் கார்டு போடலாம், நானே எழுதுகிறேன் என்றேன். உனக்கும் வேலை கொடுத்த மாதிரி ஆகட்டும்.

சங்கவி அப்பா போன பிறகு எனக்கு மிச்சம் இந்த வேலையும் நீயும்தான் அக்கா. இது போகக்கூடாது.

உன் தங்கை,
அன்புச்செல்வி


விழுப்புரம்
17 ஆகஸ்ட் 2024

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் வந்தது, உள்ளூர்த் தபாலைவிட மெதுவாக. இங்கே எல்லோரும் நலம். மாமா காலையில் ஆட்டோவை எடுத்துக்கொண்டு போனால் மதியம் சோற்றுக்குத்தான் வருகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. பிளாட்பாரப் பாலம் ஏறி இறங்கினால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, நாற்பத்தாறு வயதில் வாங்காமல் என்ன செய்யும்.

உன் கார்டுகள் என் கையில் வர ஆரம்பித்துவிட்டன. திண்டிவனத்தில் போட்டு பிரம்மதேசத்துக்குப் போகவேண்டிய கார்டு எங்கள் ஊர் வரை வந்து சுற்றிக்கொண்டு போகிறது. அது எங்கள் இலாகா மூளை, நீ கேட்காதே. உன் கையெழுத்தைப் பார்த்ததும் பக்கத்தில் இருக்கும் ஆனந்தராஜிடம், "எங்க அன்பு எழுத்து" என்று காட்டினேன். "உங்களுக்காகக் காத்திருக்கிறோம், செவ்வாய்க்கிழமை கட்டாயம் வரவும்" என்று நீ எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்குதே என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் தெரியவில்லை. கிளினிக்கிலிருந்து கட்டாயம் வா என்று ஒருவரைக் கூப்பிடுவது நம் ஜனத்துக்குப் பழக்கமில்லாதது. பார்த்துச் செய்.

சங்கவிக்கு முத்தம்.

உன் அக்கா,
ரோஜா


திண்டிவனம்
11 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா? மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன்.

கார்டு வேலை செய்கிறது. நேற்று இருபத்திரண்டு டோக்கன். சுகர், பிரஷர்காரர்களுக்கு வாராவாரம் செவ்வாய் என்று வைத்துவிட்டோம், அன்றைக்கு பெஞ்சில் இடமே இல்லை. பிரம்மதேசத்து சின்னபொண்ணு அம்மா தேதி சொன்னால் சொன்ன தேதியில் வந்து நிற்கிறார். ஆகஸ்டில் அவருக்குச் செப்டம்பர் மூன்று என்று சொல்லியனுப்பி, மாதக் கடைசியில் நினைவுக்கு ஒரு கார்டும் போட்டேன். மூன்றாம் தேதி நான் ஷட்டர் தூக்கும்போதே படியில் இருந்தார். நேற்றும் அப்படியே. ஒரு வார்த்தை பேசமாட்டார், டோக்கனை வாங்கிக்கொண்டு பெஞ்சு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவார்.

செண்பகம் அக்காதான் முரண்டு பிடிக்கிறாள். "சாவு ஊட்லயும் ஆஸ்பத்திரியிலயும் வர்றேன்னும் சொல்லக்கூடாது, வான்னும் சொல்லக்கூடாது. பொறந்ததுலேர்ந்து தெரிஞ்ச சங்கதி, படிச்சவனுக்குத் தெரியலியே" என்று அவள் வாசல் பக்கமே வருவதில்லை. அதனால் எல்லோருக்கும் நான்தான் சொல்கிறேன். டாக்டருக்கும் ஒரு பழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். குணமானவர்களைத் தோளில் தட்டி, உனக்குச் சரியாயிடுச்சி, இனிமே வர வேணாம் என்பார். அதைக் கேட்கத்தான் பாதிப்பேர் அவரிடம் வந்தார்கள். வியாபாரத்தைக் கெடுக்கும் வார்த்தை என்று தமிழ்மணி அதை நிறுத்திவிட்டான்.

நீ பதினேழாம் தேதி செவ்வாய்க்கிழமை லீவு போட்டு வா. டாக்டர் உன்னைப் பார்க்கட்டும். சாக்குச் சொல்லாதே.

அன்பு


விழுப்புரம்
26 செப்டம்பர் 2024

அன்புவுக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். உடனே எழுதாததற்கு வேலைதான் காரணம். டாக்டர் நல்ல மனிதர், நெஞ்சில் ரொம்ப நேரம் குழாய் வைத்துக் கேட்டார். மாத்திரை கொடுத்தார். எல்லாம் சரியாகிவிடும்.

உன்னை அந்த மேசையில் பார்க்கப் பெருமையாக இருந்தது. முன்னே இருந்த அழுமூஞ்சி இல்லை. அதைச் சொல்லவேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஒரு மணிநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, என் பக்கத்தில் ஓரத்தில் இருந்த அம்மா யார்? பச்சைச் சேலை, காதில் ஒன்றும் இல்லை. பெயர் என்னவென்று எழுது.

கிளம்பும்போது வாசல் வரை வந்து என்னையும், "போய்ட்டு வாக்கா, அக்டோபர் பதினைஞ்சி" என்று அனுப்பினாய். வாய்ப்பழக்கம்தான், தெரியும். அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது, வரமாட்டேன்.

ரோஜா


திண்டிவனம்
4 அக்டோபர் 2024

அன்புள்ள அக்கா,

இங்கே சுகம். உன் கடிதம் அரைப்பக்கம்கூட இல்லை, என்மேல் கோபமா?

நீ கேட்டது சின்னபொண்ணு அம்மாவைத்தான். செவ்வாய் தவறாமல் வருகிறார். அவர் வந்தால் டாக்டரின் பிரஷர் மிஷின் மட்டும் மக்கர் செய்கிறது, எண்ணே காட்டுவதில்லை. மூன்று தடவை பேட்டரி மாற்றிவிட்டார். கடைசியில் பழைய மாத்திரையையே எழுதிக் கொடுக்கிறார். இந்த வாரம் இன்னும் மூன்று பேருக்கு அதே மாதிரி ஆனது.

ஆனால் கூட்டத்தைப் பார்த்துக் கூட்டம் வருகிறது. வல்லத்திலிருந்தெல்லாம் பஸ் ஏறி வருகிறார்கள். செவ்வாய் நாற்பது டோக்கன். மூடுகிற பேச்சை டாக்டர் எடுப்பதே இல்லை. நான் நிம்மதியாகத் தூங்குகிறேன், அக்கா.

பதினைந்தாம் தேதி வரமாட்டேன் என்று எப்படிச் சொல்லலாம்? தேதி கொடுத்தால் வரவேண்டும். இது உன் தங்கையின் கண்டிப்பு.

அன்பு


விழுப்புரம்
19 அக்டோபர் 2024

அன்புவுக்கு,

நலமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன்.

நேராகவே கேட்கிறேன். செப்டம்பர் பன்னிரண்டாம் தேதி பிரம்மதேசத்திலிருந்து திரும்பி வந்த கார்டு ஒன்று என் கையில் வந்தது. உன் எழுத்து. சின்னபொண்ணு என்ற பெயருக்கு நேரே தபால்காரர் சிவப்பு மையில் "இறந்துவிட்டார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நான்தான் அதைத் திண்டிவனம் தபால் கட்டோடு சேர்த்துக் கட்டினேன். எப்படியும் பதினான்காம் தேதி உன் மேசைக்கு வந்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் உன் கிளினிக்குக்கு வந்தேன். அந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். பெயர் கேட்டு எழுதினேன். அதே பெயரில் ஊரில் இன்னொருவர் இருக்கலாம் என்று நினைத்து உன் பதிலுக்குக் காத்திருந்தேன். நீ வாராவாரம் வருகிறார் என்று சந்தோஷமாக எழுதுகிறாய்.

அந்தக் கார்டு என்ன ஆயிற்று? பார்க்கவில்லையா, பார்த்து எடுத்து வைத்துவிட்டாயா?

ரோஜா


திண்டிவனம்
14 நவம்பர் 2024

அக்கா,

பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. உடம்புக்கு ஒன்றும் இல்லை. பேனாவை எடுத்து எடுத்து வைத்துவிட்டேன்.

கார்டு என் டிராயரில் இருக்கிறது. அன்றைக்கே பார்த்தேன். தபால்காரர் தப்பாக எழுதிவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், ஏனென்றால் அந்த அம்மா எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். பிறகு அதே மாதிரி இன்னும் மூன்று கார்டு திரும்பி வந்தது. அந்த மூன்று பேரும் செவ்வாய்க்கிழமை வருகிறார்கள். மிஷின் எண் காட்டாத மூன்று பேர்.

உன் கடிதத்துக்குப் பிறகு பிரம்மதேசம் போனேன். மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்த அவர் மகன் பச்சைமுத்துவைப் பார்த்தேன். ஆகஸ்ட் இருபத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை இறந்தாராம். வீட்டில் மாலை போட்ட படம், அதே பச்சைச் சேலை. கம்மலைக் கழற்றி மருமகள் போட்டிருக்கிறாள். "உசுரு போற வரைக்கும், இன்னிக்கு செவ்வாக்கெழமையா, கிளினிக்குப் போவணுமேன்னு கேட்டுக்கினே இருந்திச்சி" என்றார். நான் யார் என்று அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்தார். கைநீட்டினார். நான் டோக்கன் கொடுத்தேன்.

பயமில்லையா என்று கேட்பாய். முதுகு சில்லென்றுதான் இருக்கிறது. அவர்கள் உட்கார்ந்த இடத்தில் பெஞ்சு மத்தியானம்வரை ஈரம்பட்ட மாதிரி குளிர்ந்திருக்கும். ஆனால் யாருக்கும் கெடுதல் செய்வதில்லை. அவர்கள் இருப்பதால் பெஞ்சு நிறைந்திருக்கிறது, நிறைந்திருப்பதால் மற்றவர்கள் வருகிறார்கள். போகச் சொன்னால் என் வேலை போகும். இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை.

என்னைத் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அன்பு


விழுப்புரம்
20 நவம்பர் 2024

அன்புச்செல்விக்கு மாமா குமரேசன் எழுதுவது. நீயும் குழந்தையும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன்.

எனக்குக் கடிதம் எழுதி வழக்கமில்லை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள். உன் அக்கா தூங்குகிற நேரம் பார்த்து எழுதுகிறேன். அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டிருக்கிறது. ஜூன் மாதமே புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். உங்கள் டாக்டரும் குழாய் வைத்த உடனே கண்டுபிடித்துவிட்டார், உன்னிடம் சொல்லக்கூடாது என்று அவர் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிவிட்டாள். ஆபரேஷன் தாங்கும் உடம்பு இல்லை என்கிறார்கள். பதினைந்து நாளாக வேலைக்குப் போகவில்லை. தலையணை மூன்று வைத்து உட்கார்ந்தபடிதான் தூக்கம்.

உன் வேலைக் கவலை தீரட்டும், அப்புறம் சொல்லலாம் என்றாள். அப்புறம் என்பது இனி இல்லை என்று தோன்றுகிறது. வந்து பார்.

குமரேசன்


திண்டிவனம்
27 நவம்பர் 2024

என் அக்காவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது மாமா வீட்டுச் சனம் சுற்றி இருந்தது, ஒன்றும் பேச முடியவில்லை. நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாய். எனக்கு உன்மேல் கோபம் தாங்கவில்லை. ஜூன் மாதத்திலிருந்து எத்தனை கடிதம், எல்லாவற்றிலும் நலம் நலம் என்று எழுதியிருக்கிறாய்.

இந்தக் கடிதத்தோடு ஒரு கார்டு வைத்திருக்கிறேன், பிரித்துப் பார்த்திருப்பாய். உன் பெயர் எழுதி, டிசம்பர் 17 செவ்வாய்க்கிழமை என்று தேதி போட்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டு வாசலிலும் சொன்னேன், நீ கேட்டாயோ இல்லையோ. நான் சொன்னால் வருகிறார்கள், அக்கா. அதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். நீ எப்படி இருந்தாலும் சரி, எது நடந்திருந்தாலும் சரி, வா. பெஞ்சில் என் மேசைக்குப் பக்கத்து இடம் உனக்கு. பேசவேண்டாம். உட்கார்ந்திருந்தால் போதும். வாராவாரம் தேதி போட்டுக்கொண்டே இருப்பேன்.

கட்டாயம் வா.

உன் அன்பு


விழுப்புரம்
8 டிசம்பர் 2024

என் செல்லத் தங்கச்சிக்கு,

புயலில் தெருவெல்லாம் முழங்கால் தண்ணீர், ரயிலும் நின்றுவிட்டது. உன் கடிதம் நேற்றுதான் வந்தது. நான் சொல்லச் சொல்ல மாமா எழுதுகிறார், இடையிடையே அழுகிறார், அதனால் எழுத்து அப்படி இருக்கும்.

உன்னிடம் மறைத்தது இரண்டு. ஒன்றை மாமா சொல்லிவிட்டார். இன்னொன்றை நான் சொல்கிறேன். சின்னபொண்ணு அம்மா யாரிடமும் பேசமாட்டார் என்று எழுதியிருந்தாய். என்னிடம் பேசினார். சாவுக்குப் பக்கத்தில் இருக்கிறவள் என்று தெரிந்ததோ என்னவோ.

"உன் தங்கச்சியா அந்தப் பொண்ணு? நல்ல பொண்ணுதான். வா வான்னு சொல்லுதே தவிர, போன்னு சொல்லமாட்டேங்குது. ஊட்ல எனக்கு எல்லா சடங்கும் முடிச்சிட்டாங்க. என் ஊட்டுக்காரரு அங்க காத்துக்கினு இருக்கறாரு. என்னை எப்பம்மா அனுப்புவீங்க?" என்று கேட்டார். என் கைமேல் கை வைத்தார். அந்தக் குளிர் இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது.

அப்போதே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். நாற்பது டோக்கன் என்று நீ சந்தோஷப்பட்டதைக் கெடுக்க மனசு வரவில்லை. அது என் தப்பு. இத்தனை நாளாக அந்த நாலு பேரும் என்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்பு, நீ கார்டு அனுப்பாவிட்டாலும் எனக்கு உன் பக்கத்தில் உட்கார ஆசைதான். அந்த ஆசைதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நீ கூப்பிட்டால் வந்துவிடுவேன். வந்தால் நீ அனுப்பமாட்டாய். சங்கவி பெரியவளாகி, நீ கிழவியாகும் வரைக்கும் நான் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு அப்படிச் செய்துவிடாதே. அவர்களையும் விட்டுவிடு. டாக்டர் முன்னே சொல்வாரே, அதைச் சொல்லச் சொல்.

எனக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது. நீ நல்லவள்.

ரோஜா


திண்டிவனம்
20 டிசம்பர் 2024

அன்புள்ள மாமாவுக்கு,

அன்பு எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போன வெள்ளிக்கிழமை கல்லறையிலிருந்து வீட்டுக்கு வந்து, உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினேன். அதுதான் முறை என்று உங்களுக்குத் தெரியும்.

அக்காவின் கடைசிக் கடிதம் உங்கள் கையெழுத்து. அதனால் பதினேழாம் தேதி நடந்ததை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன்.

காலையிலேயே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு நான்கையும் மேசைமேல் வைத்தேன். அவர் அதிர்ந்துபோவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "நாப்பது வருஷமா நாடி புடிச்சிக்கினு இருக்கறவன்மா. மொத நாளே தெரிஞ்சிடுச்சி. பேட்டரி மேல பழி போட்டேன். காலி பெஞ்ச மறுபடி பாக்க எனக்கு தைரியம் இல்ல" என்றார். பிறகு எழுந்து வெளியே வந்தார். நான்கு பேரையும் ஒவ்வொருவராகத் தோளில் தட்டி, உனக்குச் சரியாயிடுச்சி, இனிமே வர வேணாம் என்று சொன்னார். சின்னபொண்ணு அம்மா டோக்கனை என் மேசைமேல் வைத்துவிட்டு வேகமாகப் போனார், வீட்டில் உலை வைத்துவிட்டு வந்தவர் மாதிரி. மற்ற மூன்று பேரும் பின்னாலேயே போய்விட்டார்கள். பெஞ்சில் கூட்டம் இருந்தது, ஒருவரும் தலைதூக்கிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் என் மேசைக்குப் பக்கத்து இடத்தில் அக்காவைப் பார்த்தேன். நாம் உடுத்தி அனுப்பிய அந்த நீலச் சேலை. கையில் நான் எழுதிய கார்டு. என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். டாக்டரும் பார்த்தார். "இவங்க உன் கார்டுக்கு வந்தவங்க. இத நீதான் சொல்லணும்" என்று உள்ளே போய்விட்டார்.

நான் சொல்லவில்லை, மாமா. மத்தியானம் வரை சொல்லவில்லை. டோக்கன் கூப்பிட்டேன், மாத்திரைச் சீட்டு எழுதினேன், நடுநடுவே திரும்பி அவள் இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டேன். இருந்தாள். அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தோன்றியது. கடைசி ஆள் போன பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் கை ஐஸாக இருந்தது. அந்தக் கார்டை என் மடியில் வைத்தாள்.

பொங்கலோடு கிளினிக்கை மூடுகிறார்கள். நேற்று ஐந்து டோக்கன்தான். செண்பகம் அக்கா தன் தம்பி மகன் மருந்துக் கடையில் எனக்கு வேலை கேட்டிருக்கிறாள். அது எப்படியோ போகட்டும்.

"அக்கா, உனக்குச் சரியாயிடுச்சி. இனிமே வர வேணாம்" என்றேன். இரண்டாவது தடவைதான் சத்தம் வந்தது.

எழுந்தாள். என் தலையைத் தொட்டாள். வாசல் வரை நானும் போனேன், அது என் வழக்கமாகிவிட்டது. படி இறங்கினாள். திரும்பிப் பார்த்து, வர்றேன் என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்துகொண்டு நின்றேன். தெரு முனை வரைக்கும், சொல்லிவிடமாட்டாளா என்றும் நின்றேன்.

சொல்லவில்லை, மாமா.

அன்புச்செல்வி